பொங்குமாங்கடல்

மலையில் ராத்திரியெல்லாம் மழை. விடிந்ததும் குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் கூட்டம் கரையிலேயே குந்தியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் திரவியமும் இருந்தார். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருடம் அணைகளோடும் மதகுகளோடும் மாரடித்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய குரு மொழியம்மா. அவரைவிட இருபது வயது இளையவர். இலஞ்சியில் சின்னதாக ஒரு மடம். வருகிறவர்களுக்குக் கஞ்சி, கேட்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. திரவியமும் ஆறு மாதமாகக் கேட்கிறார். கஞ்சிதான் கிடைத்தது.

இப்போதும் மொழியம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னும் அரை மணியில என் மக வந்துருவா."

"வரட்டுமே."

"மூணு வருஷம் கழிச்சு வாரா. பழசைப் பேசினா அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்னு சொல்லிட்டுத்தான் வாரா. நான் என்னத்தைப் பேச?"

"கடலை வேணுமா அண்ணாச்சி?"

திரவியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருமகன் அரிசி மண்டி வைத்து நொடித்துப்போன அன்றைக்கு, மகள் செண்பகம் அழுதுகொண்டு வந்து வாசலில் நின்றாள். திரவியம் உள்ளே வா என்று சொல்லவில்லை. 'அன்னிக்கே சொன்னேனே, கேட்டியா' என்று அங்கேயே ஆரம்பித்தார். மண்டி ஏன் ஓடாது என்பதற்கு ஏழு காரணம். ஏழாவதை முடித்துவிட்டு நிமிர்ந்தால் வாசல் காலியாக இருந்தது.

"அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாதும்மா."

"தெரியும். காலையிலேருந்து பதினோரு தடவை சொல்லிட்டீங்க."

முன்னால் உட்கார்ந்திருந்த சாத்தூர்க்காரப் பெண் சலித்துக்கொண்டாள். "தண்ணி நல்லாத்தான விழுது. எதுக்கு விடமாட்டேங்காங்க?"

கேட்டது குறுக்கே கயிறு கட்டிக் காவல் நின்ற போலீஸ்காரரை. பதில் சொன்னது திரவியம்.

"இந்தத் தண்ணி மேலேருந்து நேரா நம்ம தலையில விழலம்மா. நடுவுல பாறையில பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. பொங்குமாங்கடல்னு பேரு. முதல்ல அதுல விழுந்து, கிடந்து சுத்தி, வேகத்தையெல்லாம் அங்கேயே விட்டுட்டுத்தான் பொங்கி வழியும். அதனாலதான் நாம அடியில நிக்கோம். பள்ளம் இல்லேன்னு வைங்க, பஸ் ஓடுற வேகத்தைப் போல ரெண்டு மடங்கு. கழுத்து முறிஞ்சுரும்."

"அந்தப் பள்ளம் இன்னிக்கு எங்க போச்சு?"

"அங்கதான் இருக்கு. வார தண்ணிதான் அதுல நிக்காமத் தாண்டிக் குதிக்கு. அதான் தடை."

அந்தப் பெண் தன் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரவியம் மீசையைத் தடவினார். ஒரு ஆளாவது காது கொடுத்துக் கேட்டதே.

மொழியம்மாவின் விரல் கடலையில் நின்றது. "பள்ளத்துல தங்கி வந்தா தண்ணி கொஞ்சம் குறைஞ்சு போயிருமோ?"

"எப்படிக் குறையும்? வேகந்தான் குறையும். தண்ணி அதே தண்ணிதான்."

"ஒரு சொட்டுகூடவா குறையாது?"

"குறையாதும்மா. இதை எத்தனை தடவை சொல்ல?"

"ஒரு தடவைதான் சொன்னீங்க. உங்க பதினோரு தடவையை நான் கேட்டேன்லா."

திரவியம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆறு மாசமா ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அதுக்குப் பதில் இல்ல. எங்கிட்ட அருவிப் பாடம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

"நீங்கதான நடத்துனீங்க?" என்றார் மொழியம்மா. மறுபடியும் உரிக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் அருவி வெளுத்து மெலிந்தது. போலீஸ்காரர் விசில் ஊதிக் கயிற்றை அவிழ்த்தார். கூட்டம் எழுந்து ஓடியது. சாத்தூர்க்காரப் பெண் மகனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

ஓடுகிறவர்களுக்கு எதிர்த்திசையில் செண்பகம் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவர் பார்த்திராத குழந்தை. மகள் பாதியாக மெலிந்திருந்தாள். அவர் தங்க வளையல் போட்டு அனுப்பிய கையில் ரெண்டு பிளாஸ்டிக் வளையல் கிடந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய பேச்சு பொங்கி எழும்பியது. அன்னிக்கே சொன்னேனே. எட்டாவதாகக்கூட ஒரு காரணம் இருந்தது. எழுந்துவிட்டார். வாயும் திறந்துவிட்டது.

மொழியம்மா அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி."

"விடுங்கம்மா. அதான் தடையை எடுத்துட்டாங்களே."

"அது அருவிக்கு."

அரை மணியாக உரித்த கடலையை அவர் கையில் மொத்தமாகக் கொட்டினார்.

திரவியம் கையைப் பார்த்தார். வருகிற மகளைப் பார்த்தார். அவ்வளவையும் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

செண்பகம் எதிரில் வந்து நின்றாள். தாடையை இறுக்கிக்கொண்டு, அவர் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள். அப்பா மென்றுகொண்டே இருந்தார். கண் மட்டும் நிறைந்து வந்தது.

வெகு நேரம் பார்த்துவிட்டு, குழந்தையை அவர் மடியில் இறக்கினாள்.