ஒரே பந்தி, மூன்று பேட்டரி

கொட்டகைக்குள் நுழைந்ததுமே மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி அம்மை சார்ஜரை அணைத்தார்.

"ஐயா, இதைத் தொட்டுப் பாருங்கள்."

வைரவன் மடத்து வேனின் பேட்டரியைத் தொட்டார். கை சுட்டது. உள்ளிருந்து மெல்லிய சீறல் கேட்டது.

சமையற்கட்டில் வேலை பார்க்கும் செவ்வந்திக்கு நிறைமாதம். பிற்பகலில் அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மலையிறங்க இந்த வேனை விட்டால் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும்தான். நிறைமாதக்காரியை அவற்றிலா ஏற்றுவது?

"சார்ஜரின் குமிழை எதில் வைத்தீர்கள்?"

"டிராக்டருக்கு வைத்த இடத்தில்தான், தாயே. பழுதுநீக்கும் நிலை. செத்துக் கிடந்த பேட்டரி அதில் எழுந்து உட்கார்ந்துவிட்டது."

"அது தண்ணீர் ஊற்றும் பேட்டரி. அந்த வேகத்தைத் தாங்கும். இதுவோ மூடி முத்திரையிட்டது. பொங்கினால் உள்ளேயே வெந்துவிடும். இதற்கென்று குமிழில் தனி நிலை இருக்கிறதே, பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். வேண்டுமென்றேதான் திருப்பவில்லை."

அம்மை நிமிர்ந்தார். அவருக்கு வயது நாற்பதுகூட இல்லை. சீடருக்கோ அறுபதைக் கடந்துவிட்டது. ஆயினும் வைரவன்தான் கைகட்டி நின்று சொன்னார்.

"எங்கள் ஊரில் இரண்டு பந்தி வைத்தார்கள், தாயே. என்னை எப்போதும் இரண்டாவதில்தான் உட்கார வைத்தார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே அகப்பை என்று கேள்விப்பட்டுத்தான் வீட்டைத் துறந்து வந்தேன். இது இந்த வகை, அது அந்த வகை என்று பிரித்து வைக்க என் கை வரவில்லை. சமம் என்றால் எல்லாவற்றுக்கும் சமம்தானே?"

பேட்டரியின் சூடு ஆறும்வரை அம்மை காத்திருந்தார். பிறகு குமிழைத் திருப்பி, மூடிய பேட்டரிக்குரிய நிலையில் வைத்து, சார்ஜரை மீண்டும் போட்டார்.

"பிழைக்குமா, தாயே?"

"தெரியவில்லை. உச்சிவேளை ஆகிறது. இன்று நீங்கள் பரிமாறுங்கள். எல்லோருக்கும் குழையாத சோறு, மிளகாய்த் துவையல். ஒரே அகப்பை, ஒரே அளவு."

வைரவன் பரிமாறத் தொடங்கினார். மனமெல்லாம் கொட்டகையிலேயே இருந்தது. கல்லுடைக்கும் ஆட்கள், யாத்திரிகர்கள், அம்மை, செவ்வந்தி என்று வரிசையாக வந்தவர், பல்லெல்லாம் உதிர்ந்த மடத்து முதியவர் தாண்டவரின் இலை முன் வந்தார்.

"போடு, வைரவா!" என்றார் தாண்டவர். "இந்தத் துவையலை என் ஈறு மென்று முடிப்பதற்குள் எனக்கு முக்தியே கிடைத்துவிடும்."

பந்தி முழுதும் சிரித்தது. செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வைரவன் அகப்பையைத் தாழ்த்தினார். சமையற்கட்டுக்குப் போய், ஒரு பிடி சோற்றைப் பாலில் குழையப் பிசைந்து கொண்டுவந்து, இலையில் இட்டார்.

"இது பேச்சு!" என்று தாண்டவர் விரலை நக்கினார்.

அடுத்த இலை செவ்வந்தியின் மூத்த குழந்தையுடையது. அதற்குத் துவையலைத் தவிர்த்து நெய் விட்டார். அப்போதுதான் அம்மை தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தார். அகப்பை அந்தரத்தில் நின்றது.

சாப்பாடு முடிந்ததும் ஓட்டுநர் அந்தோணிசாமி பேட்டரியை வேனில் மாட்டினான். சாவியைத் திருப்பினான். வண்டி முனகியது, அடங்கியது. வைரவன் கண்ணை மூடிக்கொண்டார். மறுமுறை திருப்பினான். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

"தாத்தா, கண்ணைத் திறங்க! வண்டி கிளம்பிடுச்சு!" என்றாள் செவ்வந்தி, சன்னலோரம் அமர்ந்தபடி.

வேன் வளைவில் மறையும்வரை நின்றார் வைரவன். மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"தாயே, இன்று நான் பந்தியைப் பிரித்துவிட்டேனா?"

"தாண்டவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?"

"கல்லுடைப்பவர்களோடு. உங்களோடு. எல்லோரோடும்தான்."

"பசியோடு எழுந்தாரா?"

"இல்லை, தாயே."

அம்மை கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்.

"மோட்டார் சைக்கிளின் லித்தியம் பேட்டரி காத்திருக்கிறது. போய் அதற்குரிய நிலைக்குக் குமிழைத் திருப்புங்கள், ஐயா."