கறையான் கொண்டு வந்து வைத்த மண்

கறையானுக்குக் கண் இருந்த அந்தக் காலத்தில், அது கன்னங்கரேலென்று பட்டப்பகலில் வெயிலில்தான் நடமாடும். பேச்சும் கொஞ்சம் அதிகம். மண்ணுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து, எத்தனை ஆள் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று ஊராருக்குச் சொல்வது அதன் வேலை. ஊராரும் அதை நம்பித்தான் குழி தோண்டினார்கள்.

செம்மண் மேடு ஒன்றில் குயவர்கள் குடியிருந்தார்கள். சூளையைக் கவனித்துக்கொண்டவள் கொளஞ்சி. சுற்றியிருந்த காடெல்லாம் சூளைக்கே எரிந்து தீர்ந்துவிட்டது. விறகு வேண்டுமென்றால் மூன்று நாள் நடக்க வேண்டும். மழைக்காலத்துக்குள் வேறு வழி கிடைக்காவிட்டால் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று எல்லோரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் குடிதண்ணீர்க் கிணற்றைத் தூர்வாரும்போது அடியிலிருந்து கருப்பாக ஒரு கட்டி வந்தது. கொளஞ்சி அதை அடுப்பில் போட்டுப் பார்த்தாள். நின்று எரிந்தது.

குடிக்கிற கிணற்றைக் கலக்க முடியுமா? வேறு எங்கே தோண்டலாம் என்று பார்த்து வரச் சொல்லிக் கறையான் கூட்டத்து நாட்டாமையை அனுப்பினாள்.

நாட்டாமை மேட்டில் ஒரு துளை போட்டு ஒழுங்காகத்தான் பார்த்தது. பிறகு மேட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்துப் பக்கம் கிளம்பியது. வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் ஒரு விளாமரத்து நிழலில் படுத்தது, சாயங்காலம் எழுந்து அப்படியே திரும்பிவிட்டது.

"மேல செம்மண்ணு, அப்புறம் செம்பூராங்கல்லு, அதுக்குக் கீழ கெட்டிக் களி, களிக்கு அடியில கருப்பு" என்றது. "மேட்டுல ஒம்பது ஆள் ஆழம். பள்ளத்துலயும் அதே மண்ணுதான், என்ன, அஞ்சு ஆள்லயே கெடைச்சிடும்."

"பள்ளத்துல எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

கொளஞ்சிக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளத்தில் சித்திரையிலும் அறுகம்புல் பச்சையாக நிற்கும். அடியில் தண்ணீர் ஊறினால்தானே அப்படி நிற்கும், கெட்டிக் களியில் தண்ணீர் ஏது? ஆனால் அவள் புருஷன் பாவாடைக்கு அஞ்சு ஆள் என்ற பேச்சு மட்டும்தான் காதில் ஏறியது. "நாட்டாமையே பாத்துட்டு வந்து சொல்லுது, ஒனக்கு இன்னும் என்னா?" என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். அவளும் வாயை மூடிக்கொண்டு நாட்டாமையோடு பின்னால் போனாள்.

மூன்றாம் ஆள் ஆழத்தில் களி வரவில்லை. மணல் வந்தது.

"ஏய்யா, மணலா வருது. மேல ஏறி வந்துடு."

"இரு, கருப்பு தட்டுப்படப் போவுது."

தட்டுப்படத்தான் செய்தது. கடப்பாரை அதைத் துளைத்ததும், அடியில் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் பீய்ச்சியடித்தது. நான்கு பக்கமும் மணல் சரிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பாவாடை இடுப்புவரை புதைந்துவிட்டான். தண்ணீர் மார்புக்கு ஏறியது.

"பாத்தேன்னு சொன்னியே, பாவி!" என்று அலறினாள் கொளஞ்சி.

நாட்டாமை தன் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியது. ஒவ்வொரு மணல் துகளாக வாயில் கவ்வி, எச்சிலில் நனைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் வைத்தது. ஆயிரக்கணக்கில் தண்ணீரில் போயின. மற்றவை நிறுத்தவில்லை. சரிவு நின்றது. கொளஞ்சி குழியில் இறங்கிப் பானையால் மணலை வாரிக் கொட்டினாள். பாவாடையின் அக்குளில் கயிற்றைக் கட்டினாள். அலறல் கேட்டு ஓடி வந்த ஊரார் மேலே நின்று இழுத்தார்கள். உயிர் மிஞ்சியது. இடது கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை.

கறையான்கள் கரையேறியபோது மணல் அறுத்து அவற்றின் கண்கள் போயிருந்தன. கருப்புத் தோல் உரிந்து வெளுத்திருந்தது. வெயில் பட்டாலே உடம்பு எரிந்தது.

"இனிமே நீ என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன்" என்றாள் கொளஞ்சி. அவளுக்கு அழுகை அடங்கவில்லை. நாட்டாமையின் மீது இருந்த கோபத்தில் பாதி, வாயை மூடிக்கொண்டிருந்த தன் மீதும் இருந்தது.

"சொல்ல மாட்டேங்க்கா" என்றது நாட்டாமை. "கீழ இருக்கிறத அப்படியே கொண்டாந்து மேல வெக்கிறேன். நீயே தொட்டுப் பாத்துக்க."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. மறுவாரம் மேட்டில் ஏழெட்டு இடத்தில் புற்று எழுந்தது. கொளஞ்சி ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தாள். கெட்டிக் களி கையில் ஒட்டிய இடத்தில் தோண்டச் சொன்னாள். ஒன்பதாம் ஆளில் கருப்பு கிடைத்தது. மழை தொடங்குவதற்குள் சூளை எரிந்தது.

அன்று முதல்தான் கறையான் கண்ணில்லாமல், வெளுத்த உடம்போடு, மண்ணுக்குள்ளேயே மறைந்து நடக்கிறது. கீழ் மண்ணை மேலே கொண்டு வந்து புற்றாக வைக்கிறது. குழி தோண்டப் போகிறவர்களும் அன்று முதல்தான் புற்று மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். மேட்டுப் புற்றைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் கடப்பாரை போடுவதில்லை.