மாணிக்க நகருக்கு முதலை

அந்தக் காலத்தில் கொன்றைநாட்டை மணிமுடிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான்; ஆனால் காது கொஞ்சம் இளகியது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம்.

கடைசியாகப் பேசுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் சேந்தன் என்கிற சபைப் பிரபு. மந்திரி ஆராவமுதரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒரு கோடையில் ஊர்ப் பெரிய ஏரி வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சேந்தன் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, மனை வியாபாரத்துக்கு ஒரு சங்கம் தொடங்குகிறேன். அந்த ஏரி நிலத்தை மனை போட்டு விற்கலாம். 'மாணிக்க நகர்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. கஜானா முதலைப் போடட்டும்; இரட்டிப்பாகத் திரும்பும்!"

ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "தூர்வார வைத்திருக்கும் பொன் சும்மாதானே கிடக்கிறது!"

ஆராவமுதர் பதறி எழுந்தார். கீழே இருந்த அத்தனை வயலும் அந்த ஏரியை நம்பித்தான் இருந்தது. "மகாராஜா, ஐப்பசி பிறந்தால் அங்கே தண்ணீர்..."

"தண்ணீரா? அது மேட்டு நிலம்!" என்று பாய்ந்தார் சேந்தன். "எத்தனை மழை பெய்தாலும் கணுக்கால் நனையாது. மந்திரியாருக்கு வயிற்றெரிச்சல்!"

"போதும்!" என்றார் ராஜா. "நாளைக் காலையில் சேந்தனுக்கு முதலைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீர் வீட்டுக்குப் போகலாம்."

'முதலை... முதலை...' என்று ஆராவமுதர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "உத்தரவு, மகாராஜா! முதலை கட்டாயம் வந்துவிடும்."

மறுநாள் சபைக்குள் ஒரு கட்டைவண்டி கிறீச்சிட்டபடி நுழைந்தது. அதன்மேல், அரண்மனை அகழியில் தின்று கொழுத்த முதலை! வாயைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வாலைக் கட்ட ஒருவருக்கும் தைரியமில்லை. ராஜா காலைத் தூக்கிச் சிம்மாசனத்தில் சம்மணமிட்டார். சேந்தன் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"என்னய்யா இது?"

"நேற்றுக் கேட்ட முதலைதான், மகாராஜா."

"நான் கேட்டது பொன்னை!"

"அதற்கென்ன, தரலாம். முன்னால் இதைப் போட்டுப் பார்ப்போமே! மாணிக்க நகரில் முதல் மனையில் சேந்தரே குடியேறட்டும். பக்கத்து மனையில் இது இருக்கட்டும். மேட்டு நிலமென்றால் தண்ணீரில்லாமல் இது தானே ஓடிவிடும். ஐப்பசி கழிந்ததும் சேந்தர் மிச்சமிருந்தால், கஜானாச் சாவியையே கொடுத்துவிடுகிறேன்."

முதலை மெல்லக் கண்ணைத் திறந்து சேந்தனைப் பார்த்தது.

"ஐயோ, வேண்டாம்! அடைமழையில் அங்கே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்குமே! இது என்னை முழுசாக விழுங்கிவிடுமே!"

ராஜா காலைக் கீழே இறக்கினார். "கணுக்கால் நனையாது என்றீரே?"

"அது... மனை வாங்க வருகிறவர்களுக்குச் சொல்வது, மகாராஜா" என்று உளறிக் கொட்டினார் சேந்தன்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. "ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது, மந்திரியாரே" என்று தம் முத்துமாலையைக் கழற்றி ஆராவமுதர் கழுத்தில் போட்டார். தூர்வாரும் பொன் தூர்வாரவே போனது. மழை வரும்வரை மாணிக்க நகரின் மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கரையில் கொட்டியவர் சேந்தன்தான். ஆராவமுதர் தினமும் அந்தப் பக்கமாக உலாவப் போனார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்!

அதற்குப் பிறகு யாராவது புதுத் திட்டத்தோடு வந்து, "முதலை மட்டும் மகாராஜா கொடுத்தால் போதும்" என்று இழுத்தால், ராஜா அகழிப் பக்கம் கையைக் காட்டுவார்.

"அதோ கிடக்கிறது. இறங்கிப் பிடித்துக்கொள்ளும்."