ஏறாத முள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கார் பட்டறை. குரு பியூலா, வயது இருபத்தொன்பது. சீடர் சங்கிலி, வயது ஐம்பத்திரண்டு. வயது இடம் மாறிவிட்டதோ என்று நினைப்பவர்கள் இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். மாறவில்லை.

சங்கிலி மதுரையில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவர். அந்த வெயில் இனி உடம்புக்கு ஆகாது என்று மலையேறி வந்தார். வேலை கேட்டபோது பியூலா ஒன்றுதான் சொன்னாள்.

"மலை வண்டி வேற மாதிரிண்ணே. கத்துக்க இஷ்டம் இருந்தா வாங்க."

வந்தார். இனிமேல் கற்றுக்கொள்ள என்ன மிச்சம் என்ற நினைப்பையும் கூடவே கொண்டுவந்தார்.

மார்கழியில் ஒரு நாள், காலை ஒன்பது மணி. டாக்சி ஓட்டும் பெள்ளி வண்டியோடு வந்து நின்றார். பியூலாவைத் தாண்டிப் போய்ச் சங்கிலியிடம் பேசினார். பட்டறைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான். வாசல் பலகையில் முழ நீளத்துக்கு அவள் பெயர் இருக்கிறது. அது மட்டும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

"மேஸ்திரி, ஹீட்டரைப் போட்டா குளிர்காத்துதான் வருது. மூணு மணிக்கு மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டுப் போகணும். குழந்தைக்கு எட்டு நாள்தான் ஆகுது, எடை வேற கம்மி. குளிர் படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஊர் போய்ச் சேர ரெண்டு மணி நேரம்."

"டேஷ்போர்டை இறக்கணும். உள்ளே ஹீட்டர் பெட்டி அடைச்சிருக்கு," என்றார் சங்கிலி. "நாளைக்கு வாங்க."

"குழந்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நாளைக்கு வரச் சொல்லி."

பியூலா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அடைப்புன்னு எப்படித் தெரியும்ணே?"

"முப்பது வருஷ அனுபவம்."

"மதுரைல எத்தனை ஹீட்டர் பாத்தீங்க?"

மதுரையில் ஹீட்டர் போட்டவன் எவன்?

"இன்ஜினை ஓட விடுங்க. ஹீட்டருக்குத் தண்ணி போற ஹோஸ், திரும்பி வர்ற ஹோஸ், ரெண்டையும் கையால பிடிச்சுப் பாருங்க."

கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்தார்.

"ரெண்டும் லேசா வெதுவெதுன்னு இருக்கு."

"அடைச்சிருந்தா எப்படி இருக்கும்?"

"ஒண்ணு சுடும், இன்னொண்ணு சில்லுன்னு இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான், தன் தீர்ப்பைத் தன் வாயாலேயே கிழித்துப் போட்டது அவருக்கு உறைத்தது.

"அப்ப டேஷ்போர்டு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் எங்க நிக்குது?"

பெள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, பதிலைச் சங்கிலியிடம் சொன்னார். குரலில் பெருமை. "அடியிலதான். போன மாசம் நீங்க கை வச்சதிலிருந்து ஏறினதே இல்லை. அதுக்கு முன்னாடி பர்லியார் ஏத்தத்துல கொதிச்சுக் கொட்டும்."

பியூலா சங்கிலியைப் பார்த்தாள். மூலையில் கிடந்த பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"ரேடியேட்டருக்கு முன்னாடி சொருகுங்க, காத்து படாம. அப்புறம் உள்ள உக்காந்து முள்ளைப் பாருங்க. பாதி தாண்டினா உடனே நிறுத்திடுங்க."

"இன்ஜின் கொதிச்சிடும்மா."

"அதுக்குத்தான் உங்களை உக்கார வைக்கிறேன்."

சங்கிலி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முள் அசைந்தது. கால்வாசி வந்தது, அதையும் தாண்டியது. காற்று வரும் இடத்தில் கையை நீட்டினார். சில்லென்றிருந்தது. பிறகு அவ்வளவு சில்லென்று இல்லை. பிறகு விறைத்த விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை, அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்திவைக்க ஒரு சின்னக் கதவு உண்டு. தெர்மோஸ்டாட். போன மாதம் அது திறக்காமல் மாட்டிக்கொண்டு வண்டி கொதித்தபோது, இது எதற்கு வேண்டாத உறுப்பு என்று கழற்றி எறிந்தவர் அவர்தான். புதிது போடவில்லை. மதுரையில் எல்லா வண்டிக்கும் இதுதான் அவர் வைத்தியம்.

பியூலா அதைப் பெள்ளி காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. சங்கிலியும் எதையாவது முடுக்குவதுபோல் முடுக்கி, மூடி மறைத்திருக்கலாம்.

இறங்கி வந்தார்.

"பெள்ளி, தப்பு என்னுது. கொதிக்கக் கூடாதுன்னு நினைச்சு, வண்டியைச் சூடே ஆகவிடாம பண்ணிட்டேன்."

பெள்ளி தலையில் அடித்துக்கொண்டார். "நானும் ஒரு மாசமா அந்த ஏறாத முள்ளைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டிருக்கேனே, மேஸ்திரி. என்னைச் சொல்லணும்."

ஸ்பேர் கடைக்குச் சங்கிலியே ஓடினார். முதல் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் இருந்தது. மாட்டி, கூலன்ட் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி முடித்தபோது மணி பன்னிரண்டரை. அட்டையை உருவிவிட்டு மூன்று பேரும் ஒரு சுற்றுப் போனார்கள். முள் நடுவில் போய் நின்றது. அதற்கு மேலும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பெள்ளி முதலில் மஃப்ளரைக் கழற்றினார். பிறகு குல்லா. பிறகு ஸ்வெட்டர்.

"போதும்மா, குறைங்க. வேர்க்குது," என்றார் பியூலாவிடம். அன்று அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மூன்றரை மணிக்கு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெள்ளியின் மகள் கண்ணாடியை இறக்கவில்லை. சால்வையைத் தோளிலிருந்து நழுவவிட்டு, தூங்குகிற குழந்தையை உள்ளிருந்தபடியே தூக்கிக் காட்டினாள். சங்கிலி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார், தேர் நிலைக்கு வந்ததுபோல.

வண்டி வளைவில் மறைந்தது. பியூலா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் சங்கிலி. "மதுரைல ஆயிரம் வண்டிக்கு அதைக் கழற்றி எறிஞ்சிருப்பேன். ஒருத்தன்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லையே. அது எப்படி?"

"அவங்க யாருக்கும் குளிரலண்ணே," என்றாள் பியூலா.