பின் இருக்கை

அமலோற்பவத்திடம் சைக்கிள் பயணம் கற்க வருகிறவர்கள் அவரை மாஸ்டர் என்று அழைத்தார்கள். பெண்பாலில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. குரு என்று சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "பெடல் மிதிக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பேரு" என்பார்.

அவர் வீடு ராயப்பன்பட்டியில். பனிக்காலம் வந்தால் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் சைக்கிளோடு வந்து இறங்குவார்கள். அவர்களைக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் வழியாக மலையடிவாரம் வரை கூட்டிப்போவார். அந்த வழிகளை அவரே அலைந்து கண்டுபிடித்திருந்தார். கொஞ்சம் தார்ச்சாலை, கொஞ்சம் வாய்க்கால் கரை, பந்தல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை.

கூட்டிப்போவார் என்றால் முன்னால் போவார் என்று பொருளில்லை. எப்போதும் கடைசியில்தான் வருவார்.

"வழி காட்டுறவங்க முன்னால போக வேண்டாமா?" என்று ஒருமுறை ஒருவர் கேட்டார்.

"முன்னால போனா, விழுந்தது யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் மாஸ்டர்.

அந்த ஆண்டு வந்த கூட்டத்தில் திருவேங்கடம் இருந்தார். திருச்சிக்காரர், பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டரைவிட இருபது வயதாவது மூத்தவர். சீடன் குருவைவிட இளையவனாக இருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் விதியில்லை. படம் வரைகிறவர்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

அவர் வாடகை வேனில் ஒரு விநோத வண்டியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி அவரே செய்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், இரண்டு ஜோடி பெடல்கள். முன்னால் இருக்கும் கைப்பிடி திரும்பும். பின்னால் இருப்பது திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும். ஆனால் அவர் அதில் ஏறவில்லை. மாஸ்டர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு வாடகைக்கு ஓர் ஒற்றைச் சைக்கிளைக் கேட்டார்.

"அப்போ இது யாரு மிதிக்க?" என்றார் மாஸ்டர்.

"யாரும் இல்ல. சும்மா கொண்டாந்தேன்."

மாஸ்டர் ஓர் ஒற்றைச் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் நாள் திருவேங்கடம் எல்லோருக்கும் முன்னால் போனார். போகும்போதே குரல் கொடுத்துக்கொண்டு போனார். "பள்ளம்." "மேடு." "இடது வளைவு." "பிரேக்கு."

கூட்டத்துக்கு அது வசதியாக இருந்தது. மதுரையில் துணிக்கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லா பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"அண்ணே, ரயில்ல கார்டா இருந்தீங்களா?"

"இல்ல. வெல்டர்."

"குரலைப் பார்த்தா கொடியும் விசிலும் வெச்சிருந்த ஆள் மாதிரி இருக்கு."

ஓர் ஏற்றத்துக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். ஏறும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சதக்கத்துல்லா கேட்டார்.

"முன் சக்கரத்த" என்றார் மாஸ்டர்.

"அப்போ மலைய எப்போ பார்க்குறது மாஸ்டர்? அதுக்குத்தானே கடையை மூடிட்டு வந்திருக்கேன்."

"இறங்கி நின்னு பாருங்க. ஓட்டுறவருக்கு ரோடுதான்."

மறுநாள் திருவேங்கடம் களைத்துப் பின்தங்கினார். அவருக்குப் பின்னால் மாஸ்டர் மட்டும் வந்தார். சாலை நேராக, வழவழப்பாக இருந்தது. அப்போதும் "பள்ளம்" என்றார் திருவேங்கடம். உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறு பள்ளம். அதை அவர் மெல்லச் சுற்றிக்கொண்டு போனார்.

மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"யாருக்குச் சொல்றீங்க சார்?"

திருவேங்கடம் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெட்டை வண்டியில பின்னால இருக்கிறவங்களுக்கு ரோடு தெரியாது. சொல்லாம விட்டா முதுகெலும்பு தெறிச்சுடும். பள்ளம்னு சொன்னா சீட்டைவிட்டு லேசா எழுந்துக்குவா."

"யாரு?"

"செண்பகவல்லி. என் வீட்டுக்காரி."

"இப்போ?"

"ஆடியில போயிட்டா."

மாஸ்டர் பின்னுக்குப் போய்த் தன் இடத்தில் சேர்ந்துகொண்டார். அடுத்த பள்ளத்துக்கும் திருவேங்கடம் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு கொடுக்கவில்லை. அது கேட்பதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது திருவேங்கடம் தானாகவே பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். அதுக்குத்தான் அந்த வண்டிய இவ்வளவு தூரம் கொண்டாந்தேன்."

"கேளுங்க."

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. லீவு கெடைச்சா ரெண்டு பேரும் அந்த வண்டியில கெளம்பிடுவோம். கொல்லிமலை அடிவாரம், சிறுமலை அடிவாரம், இந்தத் திராட்சைத் தோட்டம்னு போகாத எடமில்ல. கடைசியில அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ஒரு நர்ஸம்மா கேட்டாங்க. 'ஊரெல்லாம் சைக்கிள்ல சுத்துனீங்களாமே, என்னம்மா பார்த்தீங்க'ன்னு."

டீயை ஆற்றிக்கொண்டார்.

"'இவரு முதுகத்தான் பார்த்தேன்'னு சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. நர்ஸம்மா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

தம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அவ போனப்புறம் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சமா நிக்குது. யோசிச்சுப் பார்த்தா அது நெசந்தானே? நான் ஆறடி. அவ என் தோளுக்குக்கூட வரமாட்டா. சுத்துற ஆசை என்னோடது. அவள முதுகுக்குப் பின்னால உக்கார வெச்சு இத்தனை வருஷம் மிதிக்க விட்டிருக்கேன். அவளுக்கு அதுல என்ன கெடைச்சுது மாஸ்டர்?"

சதக்கத்துல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்க வீட்ல இருபது வருஷமா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருக்காங்க. முதுகு எவ்வளவோ மேல்."

திருவேங்கடம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"இதுக்குப் பதில் தெரியாம அந்த வண்டிய வீட்ல வெச்சுக்க முடியல. கண்ணுல படுறப்பல்லாம் அவ சொன்னதுதான் கேக்குது. நாளைக்குச் சாயங்காலம் வேன் வருது. தேனியில இரும்புக் கடையில எறக்கிட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால உங்ககிட்டக் கேட்டுடணும்னு தோணுச்சு."

மாஸ்டர் தம்ளரைக் கழுவி வைத்தார். அது கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை. அவரும் தடுக்கவில்லை.

"காலையில ரெட்டை வண்டியில காத்தடிச்சு வைங்க" என்றார்.

காலையில் திருவேங்கடம் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, முன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் வந்து அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, முன் இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"முன்னால நாந்தானே மாஸ்டர்?"

"பின்னால ஏறுங்க."

"நீங்க எப்பவும் கடைசியிலதானே வருவீங்க."

"இன்னிக்கும் கூட்டத்துல நம்ம வண்டிதான் கடைசி. எனக்குப் பின்னால நீங்க."

பின் இருக்கை மிகவும் தாழ்வாக இருந்தது. அதை உயர்த்தத் திருவேங்கடம் ஸ்பேனரை எடுத்தார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

திருவேங்கடம் முட்டி மடங்க உட்கார்ந்தார். பின் கைப்பிடியில் ஒரு பழைய புடவையின் கரை சுற்றியிருந்தது. வெயிலில் இரும்பு சுடாமலிருக்கச் செண்பகவல்லி சுற்றியது. அதைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும், "முதுகுதான் தெரியுது மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் "மேடு" என்றார். பிறகு "பள்ளம்" என்றார். திருவேங்கடத்துக்கு எழ வேண்டும் என்று தோன்றவில்லை. இடுப்பில் இடி விழுந்தது. அடுத்த முறை எழுந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை ஏதுமில்லை. கைப்பிடி திரும்பாது. பிரேக் கிடையாது. சாலையைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கால்கள் பாட்டுக்கு மிதித்தன. கழுத்து தானாகவே பக்கவாட்டில் திரும்பியது.

கல்தூண்கள் வரிசையாகப் போயின. அவற்றின் மேல் கம்பிப் பந்தல். பந்தலுக்குக் கீழே பச்சை நிறத்தில் மங்கலான வெளிச்சம். கறுத்த குலைகள் ஒரே மட்டத்தில் தொங்கின. பெண்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு சேலைத் தொட்டில் ஆடியது. அதிலிருந்து ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், அங்க பாருங்க, தொட்டில்."

"பார்த்தேன்" என்றார் மாஸ்டர்.

அடுத்த தோட்டத்தில் கவாத்து முடிந்திருந்தது. கொடிகளில் ஓர் இலைகூட இல்லை. வெட்டுப்பட்ட ஒவ்வொரு நுனியிலும் தண்ணீர் துளிர்த்து நின்றது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது; அது கொடியே வடித்த நீர்.

"கொடியெல்லாம் சொட்டிக்கிட்டு நிக்குது மாஸ்டர்."

"ம்."

பந்தல்கள் முடிந்து மலை தெரிந்தது. ஒரு மேகத்தின் நிழல் அடிவாரத்திலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பாறையை மூடி, பிறகு அதை விட்டுவிட்டுப் போனது.

"மலையில நெழல் ஏறுது. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

திருவேங்கடம் அவர் பின்கழுத்தைப் பார்த்தார். அது அசையவேயில்லை.

"நீங்க திரும்பவே இல்லையே" என்றார்.

"பள்ளம்" என்றார் மாஸ்டர்.

திருவேங்கடம் எழுந்துகொண்டார். மறுபடி உட்கார்ந்தபோது மிதிப்பதை நிறுத்திவிட்டார். அந்த வண்டியில் ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர் மிதிப்பில் இரண்டு ஜோடி பெடல்களும் சுற்றும். அவர் கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அதற்குப் பிறகு அவர் எதையும் காட்டவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் மாஸ்டர் வண்டியை நிறுத்தி இறங்கினார். முன்னால் போனவர்கள் அங்கே காத்திருந்தார்கள். சதக்கத்துல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

"அவளும் இப்படித்தான்" என்றார் திருவேங்கடம். "வழி நெடுக ஏதாவது சொல்லிக்கிட்டே வருவா. அங்க பாருங்க, கொக்கு. இங்க பாருங்க, அந்தப் பொண்ணோட தாவணி. பார்த்தீங்களா, பார்த்தீங்களாம்பா. எனக்குத் தூக்கம் வரக்கூடாதுன்னு பேசுறான்னு நெனைச்சேன். பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

மாஸ்டர் டயரில் குத்தியிருந்த ஒரு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவ எல்லாத்தையும் பார்த்திருக்கா மாஸ்டர்."

"ஆமா."

"அப்போ முதுகுன்னு ஏன் சொன்னா?"

"புருஷனக் கேலி பண்ணியிருப்பாங்க."

திருவேங்கடம் புடவைக் கரை சுற்றிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா இப்போ அவ இல்ல. என்னென்ன பார்த்தாளோ, எல்லாத்தையும் கூடவே கொண்டு போயிட்டா. ஒரே வண்டியில, ஒரே வழியிலதான் போனோம். எனக்கு ஒரு எடம்கூட ஞாபகம் இல்ல." அவர் குரல் இறங்கியது. "அத்தனை வருஷமும் நான் என்னத்தப் பார்த்தேன் மாஸ்டர்?"

மாஸ்டர் முள்ளை ஓரமாக எறிந்தார்.

"ரோட்டப் பார்த்தீங்க சார். அவங்க ஒரு தடவையாவது விழுந்தாங்களா?"

திருவேங்கடம் இல்லை என்று தலையாட்டினார். சாயங்காலம் வரப்போகும் வேனைப் பற்றியோ இரும்புக் கடையைப் பற்றியோ பேசவில்லை. பின் இருக்கையிலிருந்து இறங்கவும் இல்லை.