களாச் சரிவு

"அம்மா, ஒண்ணு கேட்கலாமா?" என்றார் மாசிலாமணி.

"கேளுங்க."

"நான் உங்ககிட்ட வந்து பதினோரு வருஷம். தையல்நாயகி வந்து மூணு வருஷம். தினமும் காலையில எழுந்ததும் அவங்க செடிப் பக்கமே போறீங்களே, ஏன்?"

"பழம் அங்கேதானே இருக்கு," என்றார் குரு.

மாசிலாமணிக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

குருவின் பெயர் யோகாம்பாள். வயது நாற்பத்திரண்டு. மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. நில அளவையராக இருந்து விருப்ப ஓய்வு பெற்று, நேராகக் குன்றேறி வந்தவர். தன்னைவிட இளையவரை அம்மா என்று கூப்பிட அவர் ஒருநாளும் தயங்கியதில்லை.

குன்றின் நடுவில் ஓர் ஓட்டு வீடு. வீட்டுக்குக் கீழே சரிவு. சரிவின் அடியில் ஒரு சுனை. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். ஒவ்வொரு மழைக்கும் சரிவின் மண் கரைந்து சுனையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கே ஏதாவது நடணும்," என்று குரு முன்பொருமுறை சொன்னார். "யாரும் தண்ணி ஊத்தாமலே பிழைக்கணும். வருஷம் முழுக்க இலை இருக்கணும். பசிச்சவன் வாயில போட்டுக்கவும் ஏதாவது தரணும்."

மாசிலாமணி மூன்று நாள் குன்றைச் சுற்றி அலைந்து களாச்செடியைக் கொண்டுவந்தார்.

முள் இருந்ததால் ஆடு வாய் வைக்கவில்லை. பாறை இடுக்கில் நட்டாலும் பிழைத்தது. தாழ்ந்த கிளைகளை மண்ணோடு வளைத்து மேலே கல் வைத்தார். கல்லுக்கு அடியில் வேர் இறங்கி அதுவும் ஒரு செடியானது. சில வருடங்களில் மேல் சரிவு முழுவதும் பச்சையாக மூடிக்கொண்டது.

பிறகு தையல்நாயகி வந்தாள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருடம் சமைத்தவள். குரு அவளுக்குக் கீழ்ச் சரிவைக் காட்டினார்.

"செடி மாசிலாமணி ஐயா தருவார்."

தந்தார். வேர் பிடித்த நாற்பது கன்றுகள். நல்லதாகப் பார்த்துத்தான் தந்தார். அதை நினைத்தால்தான் இப்போது அவருக்கு வயிறு எரிந்தது.

அவள் நட்டாள். அதன்பிறகு செடிகள் அவற்றின் இஷ்டத்துக்கு வளர்ந்தன. ஒரு கிளை கிழக்கே போகும், ஒன்று மேலே போகும். அவள் தடுக்கவில்லை. மூன்றாம் வருடம் காய்த்தது. பச்சையாகத் தொங்கி, சிவந்து, கறுத்துப் பழுத்தது.

மாசிலாமணியின் சரிவில் ஒரு பழம் இல்லை.

காரணம் அவருக்குத் தெரியும். களா கிளை நுனியில்தான் பூக்கும். ஆனால் ஒரு கிளை மற்றதைவிட அரை விரல் உயர்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. வாரம் தவறாமல் கவாத்துக் கத்தரியோடு இறங்குவார். அவர் சரிவு பாய் விரித்தது போலச் சமமாக இருந்தது.

காலையில் குரு கீழ்ச் சரிவிலிருந்து ஏறி வருவார். உதடு கருநீலமாக இருக்கும். அங்கே இரண்டு பெண்களும் சிரித்துப் பேசியது மாசிலாமணியின் காதில் விழுந்திருக்கும். என்ன பேசினார்கள் என்பது மட்டும் விழுந்திருக்காது.

தையல்நாயகி களாக்காயை ஊறுகாய் போட்டாள். அன்று குரு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பதினோரு வருடத்தில் மாசிலாமணி அப்படிப் பார்த்ததில்லை.

"உப்பு கொஞ்சம் கூட," என்றார் மாசிலாமணி.

"அடுத்த தடவை குறைச்சுப் போடறேன் ஐயா," என்றாள் அவள்.

அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பங்குனியில் கீழ்ச் சரிவு வெள்ளையாகப் பூத்தது. வாசனை வீடு வரை ஏறி வந்தது. குரு வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

அந்த இரண்டு சொல் மாசிலாமணியைச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் நண்பகல். தையல்நாயகி அரிசி வாங்க ஊருக்குள் போயிருந்தாள். குரு உள்ளே தியானத்தில் இருந்தார். மாசிலாமணி கத்தரியை எடுத்துக்கொண்டு கீழ்ச் சரிவுக்கு இறங்கினார்.

எல்லையில் இருக்கும் ஒரு செடியை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டார். பக்கத்துச் செடி உயர்ந்து தெரிந்தது. அதையும் வெட்டினார். அப்புறம் அடுத்தது.

வெயில் சாய்ந்தபோது நாற்பது செடிகளும் சாண் உயரத்துக்கு வந்திருந்தன. ஓர் இலை மிச்சமில்லை. தரையெல்லாம் பூ.

களாவின் பால் அவர் விரல்களில் ஒட்டிக்கொண்டது. சுனையில் மூன்று முறை கழுவினார். போகவில்லை.

தையல்நாயகி அரிசிப் பையோடு திரும்பினாள். கீழ்ச் சரிவைப் பார்த்து நின்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு, வெட்டுண்ட கிளைகளைப் பொறுக்கி வெற்று மண்ணின் மேல் பரப்ப ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை குரு வாசலுக்கு வந்தார். சரிவைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

மேல் சரிவுக்கு இனியாவது குரு வருவார் என்று மாசிலாமணி காத்திருந்தார். அன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. ஒரு மணி நேரம்தான். பரப்பி வைத்த கிளைகளையும் அடித்துக்கொண்டு கீழ்ச் சரிவின் மண் சுனைக்குள் இறங்கியது.

மறுநாள் காலை இருள் பிரியும் முன் மாசிலாமணி வழக்கம்போல் குருவுக்குத் தண்ணீர் மொண்டு வந்தார். டம்ளரில் ஊற்றியபோதுதான் நிறத்தைப் பார்த்தார். செங்கல்லைக் கரைத்தது போல இருந்தது.

"இது வேண்டாம் அம்மா. தெளியட்டும்."

குரு டம்ளரை வாங்கினார். முழுவதும் குடித்தார். உதட்டில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

மாசிலாமணி ஊற்றவில்லை. செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்தச் செடிகளை வெட்டினது நான்தான்."

"என் செடியா அது?" என்றார் குரு.

குரு எழுந்து உள்ளே போனார்.

மாசிலாமணி சரிவில் இறங்கினார். தையல்நாயகி முழங்கால் அளவு சேற்றில் நின்று சுனையைத் தூர் வாரிக்கொண்டிருந்தாள்.

"உங்க செடியை வெட்டினது நான்," என்றார்.

"தெரியும் ஐயா."

"பார்த்தீங்களா?"

"வெட்டின இடத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாய்வு. கணுவுக்கு மேல ஒரே அளவு. ஒரு கிளைகூட நாரா கிழியல. இந்த மலையில அப்படி வெட்டத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே."

"குருகிட்ட ஏன் சொல்லல?"

"அன்னிக்கே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'என் செடியா அது'ன்னு கேட்டாங்க."

மாசிலாமணி சுனைக் கரையில் உட்கார்ந்தார்.

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து கேட்கல?"

அவள் சட்டியிலிருந்த சேற்றைக் கரையில் கொட்டினாள்.

"வந்தேன். நேத்து மழை விட்டதும் கடப்பாரையை எடுத்துக்கிட்டு உங்க பக்கம் ஏறினேன். வேரோட நெம்பிடலாம்னு."

"அப்புறம்?"

"கால் வைக்க இடம் இல்ல. அத்தனை நெருக்கமா இருக்கு. அவ்வளவு மழைக்கும் உங்க பக்கத்துல ஒரு பிடி மண் நகரல. என்னுது முழுக்கச் சுனையில கிடக்கு. நானெல்லாம் எத்தனை வருஷம் இருந்தாலும் இப்படி ஒண்ணைச் செய்ய முடியாதுன்னு தோணிச்சு. நெம்பவும் கை வரல. திரும்பி நடக்கவும் கால் வரல." அவள் முகத்தில் தெறித்த சேற்றைப் புறங்கையால் துடைத்தாள். "பொறாமையா இருந்துச்சு ஐயா."

பசிக்கிறது என்று சொல்வதுபோல அதைச் சொன்னாள்.

மாசிலாமணி தன் விரல்களைப் பார்த்தார்.

"எனக்கும்," என்றார்.

"தெரியும்," என்றாள் தையல்நாயகி. சட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.