நாலாவது தட்டல்

அந்தக் காட்டில் உடும்புக்கு முதல் அநியாயம் செய்தது மலையணில். முள்ளம்பன்றியும் நீர்நாயும் செய்தவைதான், ஆனால் முதல் பேர் மலையணில்தான். குழந்தைகளே, இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உடும்பு இன்றைக்கும் வைத்திருக்கிறது.

மலைச்சரிவில் இருந்த அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு சுனை. மழைக்காலத்தில் யாரும் எப்போதும் குடிக்கலாம். பங்குனி பிறந்து ஓடைகள் வற்றிவிட்டால் முறை வைத்துத்தான் குடிக்க வேண்டும். சுனைக்கரையில் பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. அதில் உட்கார்ந்து மரங்கொத்தி தினமும் காலையில் முறை சொல்லும்.

டொக் என்று ஒரு தட்டல் கேட்டால் மரம் ஏறுகிறவர்கள் வரலாம். அவர்களுக்கு மலையணில் தலைவன். இரண்டு தட்டல் மண் தோண்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு முள்ளம்பன்றி. மூன்று தட்டல் கேட்டால் நீர்நாய் தன் கூட்டத்தோடு இறங்கிக் குடித்து, குளித்து, புரண்டுவிட்டுப் போகும்.

அதோடு சரி. நாலாவது தட்டல் கிடையாது.

உடும்பு முட்டையிலிருந்து வெளியே வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இப்படித்தான் நடக்க வேண்டும், இதைத்தான் தின்ன வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் கற்றுக்கொண்டது. அணில் ஏறுவதைப் பார்த்து மரம் ஏறியது. முள்ளம்பன்றி தோண்டுவதைப் பார்த்துப் புற்றைத் தோண்டியது. நீர்நாய் முங்குவதைப் பார்த்து மூச்சடக்கி முங்கியது. ஒன்றைக் கற்று முடிக்கும் முன்னே அடுத்ததில் ஆசை வந்துவிடும். பேசத் துணை இல்லாதபோது ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் அல்லவா?

ஒரு பங்குனியில் முதல் தட்டல் கேட்டதும் உடும்பு சுனைக்கு வந்தது. மலையணில் வாலை விசிறிக்கொண்டு வழியை மறித்தது.

"எங்க கிளம்பிட்டீங்க உடும்பாரே?"

"தண்ணி குடிக்கண்ணே. நானும் மரம் ஏறுறவன்தானே?"

"ஏறுவே, யாரு இல்லேன்னா? எங்கே, அந்த நகத்தைக் காட்டு. பாத்தீங்களாடா, நகமெல்லாம் மண்ணு! மரம் ஏறுறவன் நகத்துல மண்ணு இருக்குமா? நேத்து நீ புத்தைத் தோண்டினதை நான் மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். போ, போய் தோண்டுறவங்களோட நில்லு."

கிளைகளில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உடும்பின் முதுகுத்தோலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் தட்டலுக்குப் போனது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, "வயித்துல என்னது, மரப்பட்டைத் தூளா? ஏறுறவனுக்கு இங்க என்ன வேலை?" என்றது.

மூன்றாம் தட்டலுக்கு நீர்நாய் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "நனைஞ்ச உடனே ஓடிப்போய்ப் பாறையில காயுறவனெல்லாம் நீச்சல்காரனா? போ தம்பி, போ."

எல்லாரும் போன பிறகு உடும்பு தனியாக இறங்கிக் குடித்தது. நீர்நாய்கள் புரண்ட சுனையில் அப்போது சேறுதான் மிச்சம் இருந்தது. அன்று மட்டும் இல்லை, அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். அடுத்த கோடையும் அப்படித்தான்.

மூன்றாவது கோடையில் சுனை இறங்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் ஒரு முழம் இறங்கியது. பிறகு மரங்கொத்தி மூன்றாம் தட்டல் தட்டும்போது, தட்டல்தான் இருந்ததே தவிர தண்ணீர் இல்லை. காடு கலங்கிப்போய் மருத மரத்தடியில் கூடியது.

நீர்நாய் சுனையின் அடிவரை இறங்கிப் போய்ப் பார்த்து வந்தது. "ஊத்துக்கண்ணுல ஒண்ணும் வரலை. தண்ணிக்குள்ள ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கரையிலதான்."

முள்ளம்பன்றி சுனையைச் சுற்றித் தோண்டிப் பார்த்தது. "எல்லாம் காஞ்ச மண்ணு. மண்ணுல கோளாறு இல்லை. வானம் பாத்தாத்தான் உண்டு."

மலையணில் உச்சி மரத்தில் ஏறி நாலு திசையும் பார்த்துவிட்டு இறங்கியது. "மேகமே இல்லை. காடே மொட்டையாக் கிடக்கு. மேட்டுல ஒரே ஒரு அத்திமரம் மட்டும் தளதளன்னு தளிர் விட்டிருக்கு. சாயங்காலம் போய்த் திங்கணும்."

அவரவர் வேலையை அவரவர் செய்தாகிவிட்டது. யாரிடமும் குற்றம் இல்லை. தண்ணீர்தான் இல்லை.

கூட்டத்துக்கு வெளியே, பாறை ஓரத்தில் படுத்திருந்த உடும்பு தலையைத் தூக்கியது.

"காடே காஞ்சு கிடக்கு. அந்த அத்தி மட்டும் எதைக் குடிச்சுத் தளிர் விடுது?"

ஏறுகிறவர்களுக்கு வேரைப் பற்றி யோசித்துப் பழக்கம் இல்லை. தோண்டுகிறவர்கள் தளிரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"தண்ணியை நான் கொண்டுவந்தா எனக்கு ஒரு தட்டல் தருவீங்களா?" என்று கேட்டது உடும்பு. "நாலாவது தட்டல். எனக்குன்னு ஒண்ணு."

தாகத்தில் இருந்தவர்கள் எதைத்தான் மறுப்பார்கள்? "ஒண்ணு என்ன, பத்துத் தட்டச் சொல்றேன்!" என்றது மலையணில். மற்ற இரண்டும் தலையாட்டின. மரங்கொத்தி தன் காதால் கேட்டுக்கொண்டது.

உடும்பு மேடேறிப் போய் அத்திமரத்தின் காலடியில் தோண்டியது. ஓர் ஆள் ஆழம் போனதும் மண் ஈரமானது. பாறை வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் நடமாடும் சத்தம். சுனைக்குப் போகிற ஊற்று அதுதான். அத்தியின் வேர்கள் வெடிப்புக்குள் இறங்கிச் சடையாய்ப் பின்னி வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் சுனைக்குப் போகாமல் அங்கேயே தேங்கி, மரத்தை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தது.

உடும்பு இறங்கி ஓடி வந்தது. "ஐயா, உங்க பல்லுக்கு அந்த வேர் ஒரு நிமிஷ வேலை. வாங்க," என்று முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

"தண்ணிக்குள்ளயா? என் முள்ளு ஊறிப்போனா நீயா தருவே?"

"அப்போ நீங்க வாங்கண்ணே. முங்கி வேரைப் பிடிச்சு இழுத்தாப் போதும்," என்று நீர்நாயைக் கேட்டது.

"அந்த மேட்டுக்கா? எங்க காலு தண்ணிக்குன்னு படைச்சது தம்பி."

மலையணிலைக் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

தனியாகவே திரும்பிப் போனது. வெடிப்புக்குள் உடம்பை நுழைத்தது. உள்ளே கும்மிருட்டு. பனிக்கட்டிபோல் தண்ணீர். மூச்சை அடக்கி முங்கி, நகத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, வேரை வாயால் பிடித்துக் கிழித்தது. மூச்சு முட்டினால் மேலே வந்தது. மறுபடி முங்கியது. உடும்பு ஒன்றைப் பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பகல் அப்படிப் போனது. வெளியே யாராவது "இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று இடையிடையே நினைத்துக்கொண்டது. ஒரு குரலும் வரவில்லை. முன்னங்காலில் இரண்டு நகம் பிய்ந்து போயிற்று.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கடைசிச் சடை அறுந்தது. தேங்கிய தண்ணீர் உடும்பையும் சேர்த்து உருட்டப் பார்த்தது. அது பாறையைப் பிடித்துத் தொங்கியது. கீழே சுனையின் ஊற்றுக்கண் குபுகுபு என்று பொங்கியது.

காடு கொண்டாடியது. உடும்பு நொண்டிக்கொண்டே இறங்கி வருவதற்குள் கொண்டாட்டம் பாதி முடிந்துவிட்டது.

"அத்திமரத்தைக் கண்டுபிடிச்சது யாரு? நான்!" என்று மலையணில் கிளையில் குதித்துக்கொண்டிருந்தது. "மேலேருந்து பாக்குறது எங்க குலத்தொழில்!"

"தோண்டாம தண்ணி வந்துச்சாக்கும்? தோண்டுற வித்தை எங்களுது. இவன் எங்களைப் பாத்துக் கத்துக்கிட்டவன்தானே?" என்றது முள்ளம்பன்றி.

"அடைப்பு இருந்தது தண்ணிக்குள்ள. தண்ணிக்குள்ள நடந்த வேலையெல்லாம் எங்க கணக்கு," என்றது நீர்நாய்.

மரங்கொத்தி தொண்டையைச் செருமியது. "நாளைக்கு நாலாவது தட்டல் தட்டட்டுமா? மூணு பேரும் ஒரே வாக்காச் சொன்னாத்தான் நான் தட்ட முடியும்."

மலையணில் கீழே நின்ற உடும்பைப் பார்த்தது. இரண்டு நகம் இல்லாத காலைப் பார்த்தது. உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

"எனக்கென்ன, தட்டிக்கோ. ஆனா இவன் செஞ்சதுல பெரும்பாலும் தோண்டுற வேலை. அவரைக் கேளு."

"பாதிக்கு மேல நீச்சல். நீர்நாயைக் கேளு," என்றது முள்ளம்பன்றி.

"மொதல்ல ஆரம்பிச்சது அணில். அவரே சொல்லட்டும்," என்றது நீர்நாய். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. ஏதாவது ஒரு வேலையை முழுசாச் செஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் செஞ்சது முழுசு இல்லையா?" என்று கேட்டது உடும்பு.

சுனையில் தண்ணீர் பொங்கும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அல்லது விழாததுபோல் இருந்தார்கள்.

மறுநாள் காலை ஒரு தட்டல் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. உடும்பு காத்திருந்தது. மரங்கொத்தி தலையைக் குனிந்துகொண்டு பறந்து போனது.

அன்றிலிருந்து உடும்பு சுனைக்குப் போகவில்லை. அத்திமரத்தடியில், தான் தோண்டிய குழியிலேயே தங்கிவிட்டது. அங்கே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். முதல் வாய்த் தண்ணீர் உடும்புக்குத்தான், அதன் பிறகுதான் கீழே சுனைக்கு. தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த பங்குனி பிறந்தது. ஒருநாள் குழிக்குள் இறங்கிய உடும்பு பாறை வெடிப்பில் வெள்ளையாய் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தது. அத்தியின் புது வேர், நூல் பருமன்தான். ஒரு கடி கடித்தால் போதும்.

கடிக்கவில்லை. மேலே வந்து, கீழே தெரிகிற மருத மரத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

டொக்.

டொக் டொக்.

டொக் டொக் டொக்.

உடும்பு காதைக் கொடுத்துக் கேட்டது. காற்றுதான் அடித்தது. உள்ளே வேர் இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்தது.

நீதி: ஒரே வேலை தெரிந்த ஒவ்வொருவரும் கைவிட்ட இடத்தில்தான் பல வேலை தெரிந்தவன் தொடங்குகிறான், அவனுக்கு வரிசையில் ஓர் இடம் கொடுக்காதவர்கள் நாளை அவன் வாசலில் வரிசையில் நிற்பார்கள்.